சர்க்கரை நோயுள்ள நாய் இனிப்பைத் தின்றுவிட்டால்

தட்டில் இருந்த மைசூர்பாகு காணோம், நாய் வாயை நக்கிக்கொண்டு நிற்கிறது. பதறிப்போய் கூடுதலாக இன்சுலின் மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒரு துண்டு இனிப்பால் ஏறிய சர்க்கரை பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இன்சுலின் மிகுந்து சர்க்கரை அடியோடு இறங்கினால் வலிப்பு வரும், உயிரே போகலாம்.

எதை, எவ்வளவு தின்றது என்று பாருங்கள். உறையைத் தூக்கிப்போட வேண்டாம். ‘சுகர் ஃப்ரீ’ சூயிங்கம், மிட்டாய்களில் சைலிடால் இருக்கலாம். நாய்க்கு அது விஷம். அரை மணி நேரத்திலேயே சர்க்கரை சரியலாம், ஈரலும் கெடலாம். சாக்லேட்டும், லட்டு, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சையும் ஆபத்துதான். இவற்றில் எதுவானாலும் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

வெறும் இனிப்புதான் என்றால் தண்ணீர்க் கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நிறையக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அடுத்த வேளை உணவும் ஊசியும் வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில். சாப்பாட்டைத் தொடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் ஊசி போடுமுன் மருத்துவருக்கு போன் செய்யுங்கள். நெய்ப் பலகாரத்தால் கணையம் வீங்கக்கூடும். ஓரிரு நாள் கழித்துக்கூட வயிற்றுவலியும் வாந்தியும் தலைகாட்டலாம்.

தள்ளாடினாலோ நடுங்கினாலோ சர்க்கரை குறைந்திருக்கலாம். ஈறில் கொஞ்சம் தேன் தடவி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வலிப்பு வந்துகொண்டிருந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள், கடித்துவிடும்.