ஒளி ஸ்கேனுக்காகக் காத்திருக்கலாமா?

என் 3 வயது மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தலையில் ஒளி பாய்ச்சி ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்கும் ஸ்கேன் வந்திருக்கிறதாமே, எடுத்துவிடலாமா?
– ஒரு தாய், ஆம்பூர்

அந்த ஸ்கேனைத் தேடி அலைய வேண்டாம், அம்மா. முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். பிறகு பக்கத்திலேயே இருக்கும் வேலூர் சி.எம்.சி.க்குப் போங்கள். பாகாயத்தில் அவர்களுடைய 'நம்பிக்கை நிலையம்' இத்தகைய குழந்தைகளுக்காகவே இயங்குகிறது.

நீங்கள் கேள்விப்பட்ட ஆய்வு உண்மைதான். 1977இல் யோப்சிஸ் என்ற விஞ்ஞானி, அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளி மண்டையோட்டைக் கடந்து, ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் காட்டும் என்று கண்டறிந்தார். இந்த ஒளி ஸ்கேனில் எம்.ஆர்.ஐ. போல இரைச்சல் இல்லை, குழந்தை தாயின் மடியிலேயே உட்காரலாம். அதனால்தான் ஆய்வாளர்களுக்கு இதன் மேல் இவ்வளவு ஆர்வம். இதைக் கொண்டு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தம்பி தங்கையரைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே கவனிக்கிறார்கள். தாய், பிள்ளை இருவரின் மூளையையும் ஒரே நேரத்தில் அளக்கிறார்கள். ஆனால் ஒளி மூளையின் மேற்பரப்பை மட்டும்தான் எட்டும். அடர்ந்த கருமுடியும் தடுக்கும். "ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் கணினி துல்லியமாகப் பிரித்துக் காட்டுகிறதே" என்பீர்கள். அவை பெரும்பாலும் சிறு குழுக்களில் கிடைத்த முடிவுகள். ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற இரு குழுக்களின் சராசரி வேறுபடுவதை வைத்து உங்கள் ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்றும் ஆட்டிசத்தை உறுதிசெய்வது, பிள்ளையின் விளையாட்டையும் பேச்சையும் கவனித்து, பெற்றோரிடம் விசாரிக்கும் மருத்துவர்தான். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது பலன் தரும். ஆகவே இந்த மாதமே போய்வாருங்கள்.