மனிதர்கள் ஏறிச் செல்லும் ராக்கெட்டை பிரேசர் டவுனில் இருந்தபடி நேரலையில் பார்க்க: முழுமையான வழிகாட்டி

2025 ஜூன் 25, புதன்கிழமை பகல் 12:01. ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் சுபான்ஷு சுக்லாவையும் மற்ற மூவரையும் ஏற்றிக்கொண்டு ஃபால்கன் 9 கிளம்பியது. 1984-ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனதற்கு 41 வருடம் கழித்து இன்னொரு இந்தியர். அடுத்து, மனிதர்களை ஏற்றிச் செல்லப்போகும் நம்முடைய ககன்யான். இஸ்ரோ தலைமையகமும் மனித விண்வெளிப் பயண மையமும் இதே பெங்களூரில் இருக்க, அது கிளம்பும் நாளில் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கலாமா?

1. கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

கோடையில் ஃபுளோரிடா நம்மைவிட 9½ மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 10½. சுக்லா கிளம்பியபோது அங்கே விடியற்காலை 2:31. ஒளிபரப்பைக் கிளம்பும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். கடைசி பத்து நிமிடம் மட்டும் பார்ப்பவர் புகையைத்தான் பார்ப்பார்.

2. செய்தி சேனல் வேண்டாம்

நாசா, ஸ்பேஸ்எக்ஸ், ஆக்ஸியம் போன்ற நிறுவனங்கள் தாங்களே யூடியூபில் நேரலை தருகின்றன. செய்தி சேனலில் நான்கு பேர் விவாதிப்பார்கள், கட்டுப்பாட்டு அறையின் குரல் அடியில் அமுங்கிவிடும். கேட்க வேண்டியதே அந்தக் குரலைத்தான்.

நேரலை என்றாலும் சில விநாடி பிந்தித்தான் வரும். டிவியில் ஒன்று, போனில் ஒன்று என்று ஓடவிட்டால் பக்கத்து அறையில் முதலில் கைதட்டிவிடுவார்கள். ஒரே திரை போதும். கரண்ட் போனால் சமாளிக்க போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்கட்டும். மாஸ்க் ரோட்டில் பப்ஸ் வாங்குவதாக இருந்தால் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

3. தள்ளிப்போகும், தயாராக இருங்கள்

சுக்லாவின் பயணம் மே 29 என்று ஆரம்பித்து ஜூன் 8, 10, 11, 19, 22 என்று நகர்ந்து 25-ல் நின்றது. ஒருமுறை காற்று, ஒருமுறை ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு, பிறகு சுக்லா போய்ச் சேரவிருந்த விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் பழுது பார்த்த இடத்தைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. அலுத்துக்கொண்டவர்கள் நிறைய பேர். என்னைக் கேட்டால், உள்ளே ஆள் இருக்கும் ராக்கெட்டைத் தள்ளிப்போடத் தயங்காத குழுவை நம்பித்தான் ஏறலாம்.

தள்ளிப்போகும்போது நேரமும் மாறும். ஜூன் 10-க்கு நம் நேரப்படி மாலை 5:52; அதையே 11-க்கு மாற்றியபோது 5:30. விண்வெளி நிலையத்தின் பாதை ஏவுதளத்துக்கு நேராக வரும் நொடியில்தான் கிளம்ப முடியும், அது ஒவ்வொரு நாளும் இருபது நிமிடத்துக்கு மேல் முன்னே வந்துவிடும்.

4. எரிபொருள் ஏற்றுமுன் என்ன நடக்கிறது?

இதுதான் முக்கியமான கட்டம். ஃபால்கன் 9-ல், கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஏவுதல் இயக்குநர் ஒப்புதல் கேட்பார். வீரர்கள் நடந்து வந்த பாலம் ராக்கெட்டை விட்டு விலகும். உடனே தப்பிக்கும் அமைப்பை உயிர்ப்பிப்பார்கள். அதன் பிறகே, 35 நிமிடம் இருக்கையில், எரிபொருள் ஏறத் தொடங்கும். வரிசையைக் கவனியுங்கள்: எரிபொருள் ஏறும்போது தீப்பிடித்தால், கலம் தன் சொந்த என்ஜின்களால் ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும்.

“ஹோல்டு” என்று கேட்டால் பதற வேண்டாம். ககன்யானுக்காக 2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ஆளில்லாச் சோதனையில், 5 விநாடி மிச்சமிருக்கும்போது கணினியே நிறுத்திவிட்டது. கோளாறைச் சரிசெய்து காலை 10 மணிக்கு ஏவினார்கள், வெற்றிதான்.

5. அந்த ஒன்பது நிமிடம்

ஒரு நிமிடத்தில் “மேக்ஸ் க்யூ”, அதாவது ராக்கெட் மீது காற்றின் அழுத்தம் உச்சத்தைத் தொடும் நேரம். இரண்டரை நிமிடத்தில் கீழ்ப்பகுதி கழன்று, எட்டு நிமிடம் போல் ஆகும்போது தரையிறங்கும். ஒன்பதாவது நிமிடம் நெருங்கும்போது இரண்டாம் கட்ட என்ஜின் அணையும். அப்போது கலத்துக்குள் கண் வையுங்கள். சுக்லா குழு “ஜாய்” என்ற வெள்ளை அன்னப் பொம்மையைக் கொண்டுபோயிருந்தது. அது மிதந்தால் எடையின்மை வந்துவிட்டது என்று அர்த்தம்.

6. இரவில் மொட்டை மாடி

ஃபுளோரிடாவில் கிளம்பும் ராக்கெட்டை இங்கிருந்து பார்க்க முடியாது, ஆனால் வீரர்கள் போய்ச் சேரும் விண்வெளி நிலையத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம். சூரியன் மறைந்த பின்போ உதிக்குமுன்போ, சில நிமிடம் மட்டும். எந்த நாளில், எந்தத் திசையில் என்பதை நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ சொல்லும். கோல்ஸ் பார்க்கில் மரங்கள் மறைக்கும். தண்ணீர்த் தொட்டி மறைக்காத மாடி மூலை நல்லது. விளக்கு சிமிட்டினால் தேவனஹள்ளிக்குப் போகும் விமானம். சிமிட்டாமல் சீராக நகர்ந்தால் அதுதான்.

7. ஸ்ரீஹரிகோட்டா ஒத்திகை

ககன்யானுக்குமுன் ஒரு சாதாரண செயற்கைக்கோள் ஏவுதலை நேரில் பார்த்துவிடுங்கள். அங்குள்ள பார்வையாளர் மாடத்தில் சுமார் 5,000 பேர் உட்காரலாம். இணையத்தில் முன்பதிவு திறந்த கையோடு இடம் பிடிக்க வேண்டும். கண்டோன்மென்ட்டில் ரயில் ஏறி சென்னை சென்ட்ரல், அங்கிருந்து புறநகர் ரயிலில் சூலூர்பேட்டை. தொப்பி, தண்ணீர், அடையாள அட்டை மறக்க வேண்டாம். திரும்பும் டிக்கெட்டை மறுநாளைக்குப் போடுங்கள். மூன்றாவது பகுதியை இன்னொரு முறை படித்தால் ஏனென்று தெரியும்.