எருமைநாக்கு மீனும் கடலடி வாழ்க்கையும்

மயிலாப்பூரையும் அடையாற்றையும் அடுத்துள்ள நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர்க்குப்பம் ஆகிய கரைகளில் வலை பிரிக்கும் வேளையில், ஏனைய மீன்களுடன் தட்டை மீன்களும் காணப்படுவதுண்டு. அவற்றின் ஒரு பக்கம் மண்ணிறமாயும் மறுபக்கம் வெளுத்தும் இருக்கும். இரண்டு கண்களும் மண்ணிறப் பக்கத்திலேயே அமைந்திருக்கும். சோழமண்டலக் கடலில் வாழும் இவ்வினத்துள் பெரியது எருமைநாக்கு. முதன்முறை பார்ப்போர் இதனை அங்கவீனமான பிராணியென்று எண்ணக்கூடும். உண்மையில் இதன் ஒவ்வோர் உறுப்பும் கடலடி வாழ்க்கைக்குப் பொருந்தியதேயாகும்.

பெயர்

தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டு ப்ளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் எழுதிய விவரத்தை, அவர் இறந்தபின் ஷ்னைடர் என்பவர் 1801-ல் வெளியிட்டார். கரையோரத்தார் வழங்கிய தமிழ்ப் பெயரே அதில் இடம்பெற்றது. இன்றும் உலகெங்கும் சாஸ்திர நூல்களில் இம்மீனுக்கு ‘செட்டோடஸ் எருமெய்’ என்பதே பெயர்.

கண் இடம் மாறுதல்

தட்டை மீனின் குஞ்சு பிறக்கும்போது மற்ற மீன்குஞ்சுகளைப் போன்றே இருக்கும். பக்கத்திற்கு ஒரு கண்ணுடன் நிமிர்ந்து நீந்தி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். சிறிது வளர்ந்ததும், தைராய்டு சுரப்பியின் தூண்டுதலால் மண்டையோடு திருகி, ஒரு கண் மெல்ல நகரத் தொடங்கும். பின்னர் அது அடிமண்ணில் இறங்கி ஒரு பக்கமாய்ப் படுத்துவிடும். மண்ணில் படும் பக்கத்திற்கு நிறமும் வேண்டுவதில்லை, கண்ணும் வேண்டுவதில்லை.

நாக்கு மீனில் இரு கண்களும் எப்பொழுதும் இடப்பக்கத்தில் அமையும். எருமைநாக்கிலோ சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் கண்ணுடையதாகும். மேலும், நகர்ந்த கண் தலையின் உச்சி விளிம்பிலேயே நின்றுவிடும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தட்டை மீன்களின் கற்படிவங்களிலும் கண் பாதி வழியில் நிற்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். ஆதலால் இம்மாறுதல் படிப்படியாக நிகழ்ந்ததென்பது தெளிவாயிற்று.

இரை தேடுதல்

எருமைநாக்கு சுமார் 50 பாக ஆழம் வரையில் மணலும் சேறுமான தரையில் வாழும். இரண்டடிக்குச் சற்று மேலும் வளரக்கூடும். அகன்ற வாயும் கூரிய பற்களும் உடைய இது, பகலில் தரையோடு தரையாய் அசைவற்றுக் கிடந்து, பெரும்பாலும் இரவில் மீன்களைப் பிடித்துண்ணும். சிற்சில சமயங்களில் மற்ற மீன்களைப்போல் நிமிர்ந்தும் நீந்தும்.

சங்கத்தார் கவனிக்க வேண்டியவை

அசையாமற் கிடத்தலே இம்மீனுக்குக் காவல். பகை மீனின் கண்ணை அது ஏமாற்றும். தரையை வாரிவரும் இழுவலையை ஏமாற்றாது. அவ்வலையில் பெரியதும் சிறியதும் ஒருங்கே அகப்படும். உணவுக்குதவாத சிறு மீன்கள் கழிவு மீனாகக் குறைந்த விலைக்குக் கோழித் தீவனத்திற்குப் போகின்றன. அவை வளர்ந்தபின் கிடைக்கக்கூடிய விலையோ பன்மடங்காகும்.

இதனைத் தடுக்கவே 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், கரையை அடுத்துள்ள நீர் பாரம்பரியப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு. உயிருடன் அகப்படும் சிறு மீன்களை உடனே நீரில் விடுவதும், கண் மிகச் சிறிய வலைகளைத் தவிர்ப்பதும் சங்க அங்கத்தினர் தாமே செய்துகொள்ளத்தக்க ஏற்பாடுகள்.

நாணய சங்கத்தில் பழகியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடலடியும் அதிலுள்ள குஞ்சுகளும் முதல். ஆண்டுதோறும் கரைசேரும் பெருமீன் வட்டி. முதலை எடுத்துச் செலவிடும் சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை.