கொழுந்து வாட்டும் மாடிக்கு ஒரு கைக்கருவி

கேள்வி: அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். அவருக்காக ஆர்டுயினோ நானோ, டிஎச்டி22 உணரி, 128×64 ஓலெட் திரை வைத்து ஈரப்பதம் பார்க்கும் கருவி செய்தேன். மெனுவில் எட்டுத் தெரிவுகள். பொத்தானை அமுக்கினால் பல நேரம் அசைவதில்லை. தமிழ்ச் சொற்களைச் சேர்த்தால் திரையே வருவதில்லை. என்ன செய்யலாம்?
– மாணவர், நல்லதண்ணி

பதில்: தம்பி, அப்பாவுக்கு வேண்டியது ஈரப்பதச் சதவீதம் அல்ல, உலர்குமிழ் வெப்பநிலைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். அது சுருங்கினால் காற்று கொழுந்தின் நீரை இழுக்காது. மஸ்கெலியாப் பக்கம் மழை விடாத நாட்களில் சூட்டுக் காற்றைத் திறப்பதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கருவியைப் போட்டதுமே அந்த எண் திரை நிறையத் தெரியட்டும். அதற்கு ஒரு பொத்தானும் அமுக்க வேண்டியிருக்கக் கூடாது.

மெனுவில் மூன்று தெரிவு போதும்: அலகு, எச்சரிக்கை எல்லை, திருத்தம். திருத்தம் கட்டாயம் வேண்டும். ஈரக்குமிழ் அளவை நீங்கள் கணக்கிட்டுத்தான் எடுக்கிறீர்கள்; பலரும் பயன்படுத்தும் ஸ்டல் சூத்திரம் (2011) கடல்மட்ட அழுத்தத்துக்கானது. மலையில் சற்று விலகும். ஸ்டோரின் வெப்பமானியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வழி இருக்கட்டும். மேல், கீழ், சரி என்று மூன்று பொத்தான் போதும். பத்து விநாடி யாரும் தொடாவிட்டால் முதல் திரை தானாக வரட்டும்.

பொத்தான் அசையாததற்குக் காரணம் பெரும்பாலும் டிலே கட்டளைதான். டிஎச்டி22 இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் புது அளவு தரும். அதுவரை செய்நிரலை நிறுத்தி வைத்தால் பொத்தானை யார் பார்ப்பது? மில்லிஸ் கொண்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பொத்தான்களைப் படியுங்கள், இரண்டு விநாடி கடந்திருந்தால் மட்டும் உணரியைக் கேளுங்கள். ஓர் அமுக்கலுக்குப் பின் 30 மில்லிவிநாடிக்குள் வரும் அதிர்வுகளை விட்டுவிடுங்கள்.

திரை வராதது நினைவகச் சிக்கல். நானோவின் ராம் 2,048 பைட். முழுத்திரைக்கு மட்டும் 1,024 போய்விடும். மெனுச் சொற்களும் அங்கேயே குந்தியிருக்கும். யு8ஜி2 நூலகத்தின் பக்கமுறையில் திரைக்கு 128 பைட் போதும். சொற்களை ப்ரோக்மெம் போட்டு 32 கிலோபைட் ஃப்ளாஷுக்கு மாற்றுங்கள். தமிழுக்கு எழுத்துரு தேடி அலையாதீர்கள்: இந்தச் சிறு நூலகங்களுக்குக் கொம்பை எழுத்துக்கு முன்னால் போடத் தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் 64×16 புள்ளிப் படமாக்குங்கள், படத்துக்கு 128 பைட்தான். தமிழை மட்டும் கைவிடாதீர்கள், அப்பா படிக்கத்தானே இந்தக் கருவி.

அலகு மாற்றும்போது ஒரு கவனம்: வெப்பநிலையைப் பாரன்ஹீட்டாக்க 1.8ஆல் பெருக்கி 32 கூட்டுவோம். வித்தியாசத்துக்கு 32 கூட்டக் கூடாது. 2 பாகை செல்சியஸ் வித்தியாசம் 3.6 பாரன்ஹீட் மட்டுமே.