சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஆய்விதழுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் வரைவை நிதானமாகப் படித்தேன். கூகுள் ஃபார்மில் நூறு பேரிடம் கேட்டுச் சதவீதம் போட்டு, அதையே ஆய்வு என்று அனுப்புகிற காலத்தில், நீ அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறாய். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் வரைவில் ஒரு கட்டுரை இல்லை, மூன்று இருக்கின்றன. சில துறைகளில் இடம் ஏன் நிரம்பவில்லை என்பது ஒன்று. சேர்ந்தவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள் என்பது இன்னொன்று. மாணவியருக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் வந்தபின் என்ன மாறியது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே கட்டுரையில் அடைத்ததால் எதற்கும் பதில் கிடைக்கவில்லை. இப்போதைக்கு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள். உன் கையில் உள்ள சான்று அதற்குத்தான் பலமாக இருக்கிறது. உன் கல்லூரிக்கு வராமல் வேறெங்கோ போனவர்களைப் பற்றி உன்னிடம் எந்தப் பதிவும் இல்லை. வந்து, இருந்து, போனவர்களைப் பற்றி நிறையவே இருக்கிறது.

அட்டவணை 1-ல் ‘சேர்க்கை’ என்று ஒரு நெடுவரிசை போட்டிருக்கிறாய். அது எந்த நாளின் எண்ணிக்கை? விண்ணப்பித்தவர், இடம் கிடைத்தவர், கட்டணம் கட்டியவர், முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர், முதல் பருவத் தேர்வு எழுதியவர் என்று ஐந்து எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுகொள்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வு சுற்றுச் சுற்றாக நகரும்போது, கலைக் கல்லூரி அலுவலகத்தில் டி.சி. கேட்டு நிற்பவர்களை நீயே பார்த்திருப்பாய். அவர்கள் படிப்பை விட்டவர்கள் அல்ல, இடம் மாறியவர்கள். செப்டம்பரில் பொறியியலுக்குப் போன மாணவனையும், பிப்ரவரியில் வேலைக்குப் போய்த் திரும்பாத மாணவனையும் ‘இடைநிற்றல்’ என்ற ஒரே தலைப்பில் கூட்டியிருக்கிறாய். மதிப்பாய்வாளர் முதலில் கை வைக்கப்போவது அங்கேதான், அது நியாயமும்கூட. ஒரு தேதியைத் தீர்மானித்துக்கொள். முதல் பருவத் தேர்வுக்கு நுழைவுச் சீட்டு வழங்கிய நாளை அடிப்படையாக வைத்தால், அதற்கு முன் போனவர்கள் ஒரு கணக்கு, பின் போனவர்கள் வேறு கணக்கு. எந்தத் தேதி, ஏன் அந்தத் தேதி என்று ஆய்வுமுறைப் பகுதியில் ஒரே பத்தியில் எழுதிவிடு.

டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையில் ‘கல்லூரியை விட்டு நீங்கும் காரணம்’ என்று ஓர் இடம் இருக்கும். இடையில் போனவர்களுக்கெல்லாம் ‘படிப்பை இடையில் நிறுத்தினார்’ என்றே அதில் எழுதியிருக்கும். கல்யாணம் ஆன பெண்ணுக்கும் அதுதான், அப்பா இறந்ததால் மளிகைக் கடையைப் பார்க்கப் போனவனுக்கும் அதுதான். அதைக் காரணம் என்று எண்ணி நீ சதவீதம் போட்டிருக்கிறாய். அந்தப் பத்தியை எடுத்துவிடு. பதிலாக, போனவர்களில் இருபது முப்பது பேரையாவது தேடிப் பேசு. டி.சி.கூட வாங்காமல் போனவர்கள்தான் உனக்கு முக்கியம். பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். வருகைப் பதிவேட்டில் எந்த வாரத்திலிருந்து தொடர்ந்து ‘வ’ விழவில்லை என்று பார்த்தாலே ஒரு கதை தெரியும். கல்லூரியின் இரண்டாம் சுழற்சி மாணவர்களைத் தனியாகப் பிரித்துப் பார். மதியம் தொடங்கும் வகுப்பு முடிந்து ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு, காலையில் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதைக் கேள்.

இங்கேதான் உன் கோட்பாட்டுப் பகுதி இடறுகிறது. வின்சென்ட் டின்ட்டோவின் 1975 கட்டுரையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், நீயும் காட்டியிருக்கிறாய். மாணவர் கல்லூரியின் படிப்பிலும் சமூக வாழ்விலும் எவ்வளவு ஒட்டுகிறாரோ அவ்வளவுக்கு அங்கே நிலைப்பார் என்பது அதன் சாரம். விடுதியில் தங்கி, கல்லூரியையே உலகமாகக் கொண்ட அமெரிக்க இளைஞருக்கு அது நன்றாகப் பொருந்தும். கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறவருக்கு? ஜான் பீன், பார்பரா மெட்ஸ்னர் இருவரும் 1985-ல் வெளியிட்ட கட்டுரையைத் தேடிப் படி. வீட்டிலிருந்து வந்து போகிற, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற மாணவர்களுக்குக் கல்லூரிக்கு வெளியே உள்ள சுமைகளே அதிகம் தீர்மானிக்கின்றன என்று அவர்கள் வாதிட்டார்கள். குடும்பப் பொறுப்பு, வேலை நேரம், பணம் எல்லாம் அதில் வரும். உன் பேருந்து நேரங்களுக்கு உரிய இடம் அங்கே இருக்கிறது. அந்தக் கோட்பாட்டு மாதிரி நம் மண்ணில் எந்த இடத்தில் பொருந்துகிறது, எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று நீ காட்டினால், அதுவே புதிய பங்களிப்பு.

ஒரே கல்லூரியின் தரவு போதுமா என்ற உன் தயக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சேர்க்கை மேலாண்மை என்ற துறைக்கு முன்னோடியாகப் பலரும் சொல்வது, 1976-ல் பாஸ்டன் காலேஜின் சேர்க்கைத் தலைவர் ஜாக் மகுவைர் எழுதிய கட்டுரையை. அது ஆய்விதழில் வரவில்லை, அந்தக் கல்லூரியின் முன்னாள் மாணவர் இதழில் வந்தது. தன் கல்லூரியின் பிரச்சினையைத் தன் எண்களோடு உட்கார்ந்து யோசித்தார் என்பதால் நின்றது. ஒரே கல்லூரியின் தரவு சிறியது என்று நீ கட்டுரையின் கடைசிப் பக்கம்வரை தயங்கிக்கொண்டே இருக்கிறாய். ஆய்வின் வரம்பு என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு மேலே போ.

புதுமைப் பெண் பகுதியை நீக்கச் சொன்னேனே தவிர, தூக்கி எறியச் சொல்லவில்லை. அடுத்த கட்டுரைக்கு அதுதான் கரு. ஆனால் 2021-22 ஆண்டை அடிப்படையாக வைத்து ஒப்பிட்டிருக்கிறாய். கொரோனாவால் 2021-ல் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை, அனைவரும் தேர்ச்சி. அந்த ஆண்டில் உள்ளே வந்தவர்கள் வேறு மாதிரியான கூட்டம். 2022-23-ல் எது மாறினாலும் அது திட்டத்தாலா, தேர்வு திரும்பியதாலா என்று பிரிக்க முடியாது. வேறு வழி உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில், அதே அரசுப் பள்ளிகளிலிருந்து வந்து உன் கல்லூரியில் ஒரே வகுப்பில் உட்கார்ந்த பெண்களுக்குப் பணம் வந்தது, பையன்களுக்கு வரவில்லை. அதற்கு முன்பும் இந்த இரு சாராரின் இடைநிற்றல் எப்படி இருந்தது என்று பார்த்து, இடைவெளி எவ்வளவு மாறியது என்று கணக்கிடு. முழு நிரூபணம் ஆகாது. ஆனாலும் நேர்மையான ஒப்பீடு.

முன்னுரையில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 என்று அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22-ஐக் காட்டியிருக்கிறாய். எண் சரி. அந்தக் கணக்கெடுப்பு கல்லூரி இருக்கும் மாநிலத்தை வைத்து எண்ணுவது, வெளி மாநிலத்திலிருந்து இங்கு வந்து படிப்பவரும் அதில் சேர்வர். நம் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பத்தேழு பேர் கல்லூரி போகிறார்கள் என்று அதற்குப் பொருள் சொல்லாதே.

அட்டவணை 4 எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது. துறைவாரியாக, சாதிப் பிரிவுவாரியாக, பாலினவாரியாகப் பிரித்திருக்கிறாய். ஒரு துறையில் பழங்குடி மாணவி ஒருவர்தான். ‘சேர்ந்தவர் 1, இடைநின்றவர் 1’ என்று அச்சானால், உங்கள் ஊரில் அது யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்துக்குக் குறைவான எண் வரும் கட்டங்களை மறைத்துவிடு. ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகையால் துறைகளைச் சேர்த்துக் கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு என்று இரண்டாக்குவதே நல்லது. முதல்வரிடம் எழுத்துப்பூர்வ அனுமதியும் வாங்கி வை. தன் சான்றிதழை நம்பிக் கொடுத்த பிள்ளைக்கு நாம் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை இது.

எங்கே அனுப்புவது என்று கேட்டிருந்தாய். யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டது, இனி இதழைத் தேர்வது நம் பொறுப்பு. ஏழு நாளில் ஸ்கோபஸ் என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் திறந்துகூடப் பார்க்காதே. டெல்லி நீபா நிறுவனத்தின் கல்வித் திட்டமிடல், நிர்வாகம் பற்றிய இதழ் இந்தக் கட்டுரைக்கு நல்ல வீடு. திட்டம் பற்றிய அடுத்த கட்டுரையை எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லிக்கு முயன்று பார். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது என்பது உனக்கே தெரியும். அனுப்புமுன் அந்த இதழின் சமீபத்திய நான்கைந்து கட்டுரைகளைப் படி. நீளம், அட்டவணை போடும் முறை, எந்த வாதத்துக்கு இடம் தருகிறார்கள் என்பது பிடிபடும்.

திருத்தம் கேட்டு வந்தால் சோர்ந்துவிடாதே, படிக்காத கட்டுரைக்கு யாரும் திருத்தம் சொல்வதில்லை. ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்தெழுதி, கீழே என்ன செய்தாய், எந்தப் பக்கத்தில் என்று பதில் எழுது. உடன்படாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம்.

இப்போதைக்கு முன்னுரையையும் முடிவுரையையும் தொடாதே. தேதியைத் தீர்மானித்து, அட்டவணை 1-ஐ மட்டும் புதிதாகப் போட்டு எனக்கு அனுப்பு. பழைய ஆண்டுகளின் நுழைவுச் சீட்டுப் பட்டியல் அலுவலகத்தில் இல்லையென்றால், தேர்வுக் கட்டணம் கட்டியோர் பட்டியல் இருக்கும், கண்காணிப்பாளரிடம் கேள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்