கூட்டுக் கிணற்றில் நீர்ச் சேமிப்பு

கோவை, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பங்காளிகள் பலருக்கு ஒரே கிணறு பொதுவாக இருப்பதைக் காணலாம். தங்கள் கிணறும் அத்தகையதானால், அதை ஒரு கூட்டு வங்கிக் கணக்காகக் கருதுங்கள். மழைக்காலத்தில் வரவு, கோடையில் பற்று.

முதலில் இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். 8 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கிணற்றில் ஒரு மீட்டர் ஆழ நீர் 64,000 லிட்டர். ஓர் ஏக்கரில் பாய்ச்சினால் 16 மி.மீ. உயரமே நிற்கும். நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ., நிலக்கடலைக்குச் சுமார் 500 மி.மீ. நீர் தேவை. எனவே கோடைப் பயிர் எதுவென்று விதைப்புக்கு முன்பே கூடிப் பேசிவிட வேண்டும்.

ஆளுக்கு ஒரு நாள் முறை வைப்பது வழக்கம். மழைக்குப்பின் கிணறு நிறைந்திருக்கும்போது முதல் முறைக்காரர் தேங்கிய நீர் முழுவதையும் இறைத்துவிடலாம். அடுத்தவருக்கு இரவில் ஊறியதுதான் மிச்சம். பங்காளிச் சண்டைகள் பல இங்குதான் தொடங்குகின்றன. கிணற்றுச் சுவரில் அரை மீட்டருக்கு ஒரு கோடு வரைந்து, தேங்கிய நீரைக் கோட்டுக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள்.

வழிந்தோடும் மழைநீரைக் கிணற்றில் சேர்க்கலாம். ஆனால் நேரே விடாதீர்கள். வண்டல் படிய ஒரு குழியும், அதையடுத்து ஜல்லியும் மணலும் நிரப்பிய வடிகட்டும் குழியும் அவசியம். மருந்தடித்த வயலின் நீரைச் சேர்க்கவே கூடாது.

சேர்த்த நீர் தங்கள் வேலிக்குள்ளேயே நிற்பதில்லை. தம் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ள நில உரிமையாளருக்கு 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் உரிமை தருகிறது. பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு தாங்கள் சேர்த்ததையும் இழுக்கும். குழி வெட்டுமுன் அவரையும் அழைத்துப் பேசுங்கள்.