எண்ணெய்ப் போத்தல் எங்கே இருக்கிறது?

தாய்மாரே, தகப்பன்மாரே,

சென்ற மாதம் மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயிலுள்ள சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். கடல் தொழில் செய்கிற குடும்பம். படகு இயந்திரத்துக்கு ஊற்றி மீந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் போத்தலில் விட்டு, குசினி வாசலில் வைத்திருந்தார்கள். ஒன்றரை வயதுப் பேரன் அதைத் தூக்கி மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். அம்மம்மா ஓடிப்போய்ப் பறித்தார். "இப்பதானே உள்ளுக்குப் போனனான்" என்று அழுதார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம லயத்துக் காம்பராக்கள்தான் கண்ணில் நின்றன.

நம்ம அடுப்படியிலும் மண்ணெண்ணெய் சோடாப் போத்தலில்தானே இருக்கிறது? பிள்ளைக்குப் போத்தலைத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. விரலை விடுவது, உப்புத்தண்ணி கொடுப்பது எதுவும் வேண்டாம். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. உடனே 1990க்குப் பேசுங்க. அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. போத்தலையும் கையோடு கொண்டுபோங்க.

அடுத்தது குப்பி விளக்கு. கரண்ட் வந்த பிறகு அதை மறந்திருந்தோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் நின்றபோது பல வீடுகளில் திரும்ப வெளியே வந்தது. லேசான போத்தல், சும்மா செருகின தகர மூடி. பிள்ளையின் கை பட்டால் சாயும், எண்ணெய் கொட்டும், தீ பிடிக்கும். இப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1992இல் ஒரு பாதுகாப்பான விளக்கைச் செய்தார். குட்டையான, கனத்த கண்ணாடி. இரண்டு பக்கம் தட்டை, ஆகவே விழுந்தாலும் உருளாது. திருகு மூடி, எண்ணெய் சிந்தாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இவ்வளவு சின்ன யோசனைக்கு உலக விருதா என்று கேட்கலாம். எரிந்த பிள்ளையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

தீப்பட்டால் அந்த இடத்தில் 20 நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்க. நம்ம பீலித் தண்ணி ரொம்பக் குளிரும். காயம் இல்லாத உடம்பைப் போர்த்திவிடுங்க. பற்பசை, தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். ஒட்டின துணியைப் பிய்க்க வேண்டாம்.

மரக்கறித் தோட்டத்தில் தண்ணிக்கு வெட்டிய குழி இருந்தால் பலகை போட்டு மூடுங்க. நிறைந்த வாளியிலும் சின்னப் பிள்ளை தலைகுப்புற விழும்.

ஓலைத்தொடுவாய் வீட்டில் மறுநாள் காலையில் மகன் குசினிச் சுவரில் தன் தோள் உயரத்துக்கு ஒரு பலகை அடித்தார். நாலு ஆணி, அரை மணி நேர வேலை. அம்மம்மாதான் போத்தலை அதில் எடுத்து வைத்தார்.